கரண்ட் வந்தபின் அரை நிமிடம்

கப்பலிலிருந்து
18 ஜனவரி 2025

அன்புள்ள அஜிதா அக்காவுக்கு,

ரதீஷ் எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? சிவபிரசாத் அத்தான் பேங்கிலிருந்து பொழுதோடு வீடு வந்து சேருகிறாரா? இங்கே நெட் பேருக்குத்தான் இருக்கிறது. வீடியோ ஓடாது, குரலும் போகாது, எழுத்தும், எப்போதாவது ஒரு போட்டோவும் மட்டும் போகும். அதனால் பழைய காலத்து ஆள் மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

இனி நம் 'மடை' விஷயம். பொதுப் பக்கத்தில் எழுதினால் நிரலை எடுத்துப் பயன்படுத்துகிற அத்தனை பேரும் வாசிப்பார்கள். அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்வதை ஊர் உலகம் எதற்குப் பார்க்க வேண்டும்? அதனால்தான் இங்கே.

அப்பாவின் மோட்டாரைப் போனிலிருந்து ஓட்டுவதற்காக, சுவிட்சோடு மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டிக்கு நாம் விளையாட்டாக எழுதிய நிரல் இது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டோம். இன்றைக்குக் கருங்கலிலிருந்து பாலக்காடு வரைக்கும் ஆட்கள் மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் போடுகிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே வசதிதான். மோட்டார் ஓடுகிறபோது கரண்ட் போனால், திரும்பி வந்ததும் அது தானாக ஓட வேண்டும். இப்போது நின்றது நின்றதுதான், மறுபடி யாராவது கால் கொடுக்க வேண்டும்.

நான் அதை எழுதி முடித்துவிட்டேன். 'தானோட்டம்' என்று பேர் வைத்திருக்கிறேன். 3.0 பதிப்பில் சேர்த்து மாசிக்குள் வெளியிடுவோம். தை பிறந்தால் புது வசதி எதுவும் சேர்க்கக்கூடாது என்ற உன் சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் ஐப்பசி மழையில் கொடுத்தால் இந்த வசதி எவனுக்கு வேண்டும்? வெயிலில்தானே வாழை தண்ணீர் கேட்கிறது?

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி
ரதீஷ்


கருங்கல்
26 ஜனவரி 2025

அய்யா உண்டு.

அன்புத் தம்பி ரதீஷுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா முட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே உன் கடிதத்தைக் கேட்டாள். "சாப்பாடெல்லாம் செரியா கெடைக்குதாண்ணு கேளு. மீனு உண்டுமா அங்க?" என்றாள். அத்தான் சிரித்துவிட்டார். "கடலுக்க நடுவுல கெடக்கவனுக்கு மீனு இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டதற்கு, "அவனெல்லாம் பெட்டிக்குள்ள ஐஸ் போட்டதல்லா திம்பான், நல்ல மீனா அது?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் எழுது, இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

தானோட்டம் வேண்டாம். இப்போது வேண்டாம் என்று சொல்கிறேன், எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

புது வசதி உனக்குப் புதுச் சட்டை. எனக்கு அது துவைக்க வேண்டிய சட்டை. நீ எழுதிவிட்டுக் கப்பலில் போய்விடுவாய். வெயில் காலத்தில் பெட்டி தகராறு பண்ணினால், அதை மாட்டிக் கொடுத்த ஐயப்பன்தான் டெம்போவை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவான், பேச்சும் கேட்பான். அவன் எலக்ட்ரீஷியன், நிரல் எழுதினவன் இல்லை என்று யாரும் பார்க்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வெளியிட்டால் மோட்டார் எல்லாம் சும்மா கிடக்கும். எது கெட்டாலும் ஒரு வாழையும் வாடாது. அந்தச் சட்டம் இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. இப்போது இருக்கிற 2.4 பதிப்பின் குறை எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி நடக்கப் பழகிவிட்டார்கள். புதியதில் என்ன குறை என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆளில்லாத தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடுவதை நினைத்தால் மனசுக்கு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
அஜிதா


கப்பலிலிருந்து
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மீன் உண்டு, ஐஸில் வைத்ததுதான். அம்மாவிடம் சொல்லாதே.

பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் 'மனசுக்கு ஒப்பவில்லை, சொல்லத் தெரியவில்லை' என்று எழுதலாமா? காரணம் சொன்னால் திருத்துவேன். மனசுக்கு நான் எங்கே போய் நிரல் எழுத?

ஆள் பாதுகாப்பைத்தான் நினைக்கிறாய் என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் மோட்டார் உடனே ஓடாது. அரை நிமிடம் காத்திருக்கும். 'ஓடப்போகிறேன்' என்று சொந்தக்காரர் போனுக்குச் செய்தி அனுப்பும். அதன் பிறகுதான் ஓடும். போதாதா?

இங்கே எங்கள் வழக்கம் சொல்கிறேன், கேள். கப்பலில் ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அதன் சுவிட்சில் சிவப்புப் பூட்டு ஒன்று போடுவோம். சாவி, பூட்டினவன் சட்டைப்பையில் இருக்கும். அவன் வந்து திறக்கிற வரைக்கும் கேப்டனே வந்தாலும் அந்த மெஷின் ஓடாது. பூட்டாமல் கை வைப்பவனை அடுத்த துறைமுகத்தில் இறக்கி விட்டுவிடுவார்கள். நம் ஊரில் பூட்டு இல்லை, சரி. மெயின் சுவிட்ச் இருக்கிறதே? 'கை வைக்குமுன் மெயினை அணைக்கவும்' என்று வெளியீட்டுக் குறிப்பில் முதல் வரியாக எழுதிவிடுகிறேன்.

பொதுப் பக்கத்தில் போய்ப் பார். எத்தனை பேர் கெஞ்சுகிறார்கள் என்று.

ரதீஷ்


கருங்கல்
20 பிப்ரவரி 2025

அய்யா உண்டு.

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் பிடிவாதம் ஜெயித்தது. உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதே, எல்லாம் அம்மாவுக்காக. குலை தள்ளுகிற நேரத்தில் மட்டி வாழைக்குத் தண்ணீர் போதவில்லை. நான் வேலைக்குப் போன நேரம் அம்மாதான் போனும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சீரியல் பார்க்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய் வரும். "சவத்துக்கு நான் எத்தன தடவதான் கால் குடுக்கது? அவன் எழுதினதப் போட்டுத் தொலையேன் பிள்ளே!" என்று ஒருநாள் கத்திவிட்டாள்.

பெட்டியை மேசையில் வைத்து இரண்டு வாரம் சோதித்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். அரை நிமிடம் சரியாகக் காத்திருக்கிறது, செய்தி வருகிறது, பிறகு ஓடுகிறது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க ஆசையாகத்தான் இருந்தேன்.

நேற்று என் டிஜிட்டல் சாவியால் கையெழுத்துப் போட்டு 3.0 பதிப்பை வெளியிட்டேன். பெட்டிகள் எல்லாம் தாமாகவே இறக்கிக்கொண்டன. பொதுப் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். ஐயப்பன் வந்து, "எக்கா, ரதீஷண்ணன் பெரிய ஆளாக்கும்" என்றான். அம்மா சீரியலை முழுசாகப் பார்க்கிறாள். அதுவே உனக்குப் பெரிய விருது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அஜிதா


[அனுப்பாத கடிதம். அஜிதாவின் கணக்கில் வரைவாகக் கிடந்தது.]

நாகர்கோவில்
19 மார்ச் 2025

ரதீஷ்,

இதை இடது கையால் அடிக்கிறேன். அனுப்புவேனா என்று தெரியவில்லை.

போன வாரம் சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். காலையிலிருந்தே பம்ப் பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. அப்பா காலத்துப் பம்ப்தானே, மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் அந்த நீளப் பெல்ட்டை இன்னும் நாம் மாற்றவில்லை. நான் போய் நின்றதும் கரண்ட் போயிற்று. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எப்படி என்று உனக்குத் தெரியும். கரண்ட் போன உடனே, "ஏட்டி, பசைய எடு" என்பார். வழுக்குகிற பெல்ட்டுக்குப் பசை போடுவது கரண்ட் இல்லாத நேரத்தில்தான். நம் வீட்டில் மட்டும் இல்லை, கால்வாய்க் கரையில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். கரண்ட் போனால் மோட்டார் செத்தது, நாம் போய்ப் பொத்தானை அமுக்கினால்தான் பிழைக்கும். பிறந்ததிலிருந்து பார்த்தது அது. மெயினை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கரண்ட்தான் இல்லையே, எதை அணைக்க?

வலது கையைப் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விட்டேன்.

கரண்ட் திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில் பல்பு எரிவது கண்ணில் படவில்லை. பெட்டி அரை நிமிடம் காத்திருந்தது. என் போனுக்குச் செய்தியும் அனுப்பியது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அதன் பிறகு மோட்டார் ஓடியது. நீ எழுதியபடி, நான் சோதித்தபடி, ஒரு பிழையும் இல்லாமல் எல்லாம் நடந்தது.

நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் போய்விட்டன.

என் சத்தம் கேட்டு ஐயப்பன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். துண்டால் கையைச் சுற்றிக் கட்டி, டெம்போவில் ஏற்றி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தான். "எக்கா, கரண்டு போயில்லா கெடந்துது? பொறவு எப்பிடிக்கா ஓடிச்சு?" மாட்டிக் கொடுத்தவன் அவன். அவனுக்கே அது நினைவில்லை. சோதித்து, கையெழுத்துப் போட்ட எனக்கும் இல்லை. பதில் எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. இரண்டு வாரம் சோதித்தேனே! மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒரே ஒரு தடவை பம்ப் ரூமில் நின்று பார்த்திருந்தால் போதும், கரண்ட் போனதும் என் கால் தானாகப் பெல்ட்டுப் பக்கம் போயிருக்கும், அப்போதே பிடிபட்டிருக்கும். மனசுக்கு ஒப்பவில்லை என்று உனக்கு எழுதினேனே, அது இதுதான்.

உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன்? நீ அங்கே நாள் முழுக்கக் கரண்ட் ஓடுகிற சுவிட்ச் பலகைக்கு முன்னால் நிற்கிறவன். இதை வாசித்துவிட்டு ஒரு நொடி கை நடுங்கினால்? ஆனியில் நீ இறங்கி வீடு வந்து சேரும் வரைக்கும் ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடமும் அத்தானிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஐயப்பனிடமும் சொல்லிவிட்டேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நல்ல கையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.


19 மார்ச் 2025

அய்யா உண்டு.

தம்பிக்கு, எல்லோரும் சுகம்.

3.0 பதிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டேன். எல்லாப் பெட்டிகளுக்கும் பழைய 2.4 பதிப்பே போகும். காரணம் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பூட்டுப் போடாமல் எதையும் தொடாதே.

அஜிதா


கப்பலிலிருந்து
22 மார்ச் 2025

அக்கா,

சுகமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அம்மா சுகமா?

நீ செய்தது என்ன? ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு காரணமும் சொல்லாமல், நான் நாலு மாதம் உட்கார்ந்து எழுதியதைப் பிடுங்கி எறிந்துவிட்டாய். பொதுப் பக்கத்தில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல, அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை என்றா?

ஐயப்பன் போட்ட பதிவைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் பயந்தாயா? 'ஒராளுக்கு வெரலு போச்சு. கரண்டு இல்லாத நேரம் பெல்ட்ட தொட்டதாக்கும். இதுக்கு மடைதான் காரணம்' என்று மொட்டையாக எழுதியிருக்கிறான். யார், எந்த ஊர், ஒன்றும் இல்லை. நான் அதற்குப் பதில் போட்டுப் பதிவை மூடிவிட்டேன். நீ பார்க்காவிட்டால் இதோ: 'இது பிழை அல்ல. நிரல் எழுதியபடியே சரியாக வேலை செய்திருக்கிறது. மெயினை அணைக்கச் சொல்லிக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறோம். அதை வாசிக்காமல் கை வைத்த பொறுப்பில்லாத ஆளுக்காக மற்ற எல்லோருடைய வசதியையும் பறிக்க முடியாது.'

விரல் போனது பாவம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தால் பஸ்ஸையே நிறுத்திவிடுவதா?

காரணம் எழுது.

ரதீஷ்


கருங்கல்
9 ஏப்ரல் 2025

அய்யா உண்டு.

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாயிற்று, கொஞ்சம் வேலை.

நீ போட்ட பதிலை வாசித்தேன். பொறுப்பில்லாத ஆள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த ஆளைத் தெரியும். பொறுப்பான ஆள்தான். குறிப்பையும் வாசித்த ஆள்தான். இப்போது புண் ஆறிக்கொண்டிருக்கிறது. மற்றது நீ வந்தபின் பேசுவோம்.

2.4 இப்படியே இருக்கட்டும். அக்கா கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அஜிதா


கப்பலிலிருந்து
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விஷு வாழ்த்துகள். கனி கண்டீர்களா? அம்மா கைநீட்டக் காசு எனக்கும் எடுத்து வைத்திருப்பாள் என்று தெரியும்.

உன் கடிதங்கள் ஏன் இப்படிச் சுருங்கிவிட்டன? முன்பெல்லாம் நான் எழுதிய நிரலில் ஒரு வரிக்குப் பத்து வரி திட்டுவாய். இப்போது 'சரி', 'வேண்டாம்'. போட்டோ அனுப்பு என்றால் அதுவும் இல்லை. கோபம் என்றால் திட்டிவிடு. இந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

குறிப்பை வாசித்தும் மெயினை அணைக்காமல் கை வைத்தார் என்றால் அந்த ஆளுக்காக நான் ஒன்றும் செய்வதற்கில்லை. யோசித்துத்தான் முடிவெடுத்தேன். தானோட்டத்தோடு 3.1 தயார். ஞாயிற்றுக்கிழமை வெளியிடுகிறேன். உன் கையெழுத்து இல்லாமல் என் சாவி ஒன்றே போதும், அப்படித்தான் நாம் அமைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் மக்கள் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு உன் பயத்துக்காக நான் காத்திருக்க முடியாது.

வருத்தப்படாதே.

ரதீஷ்


15 ஏப்ரல் 2025

ரதீஷ், வெளியிடாதே.

முதலில் ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டை நிறுத்து. நிறுத்திவிட்டு இதை வாசி. கையில் வேலை எதுவும் இல்லாத நேரத்தில், உட்கார்ந்து வாசி.

அந்தப் பொறுப்பில்லாத ஆள் நான்தான். விரல் போனது எனக்கு.

மார்ச்சில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தைக் கீழே சேர்த்திருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. நீ இறங்குகிற வரைக்கும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது போய்விட்டால், திங்கட்கிழமை எங்கேயாவது கரண்ட் போகும். இன்னொருத்தி நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கையை விடுவாள். உன் மனசைக் காப்பாற்றுவதற்காக அவள் கையைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அங்கே உங்களுக்குப் பூட்டு எப்படியோ, இங்கே எங்களுக்குக் கரண்ட் கட் அப்படி. அந்தப் பூட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்து, ஒருவரிடமும் கேட்காமல் கழற்றிவிட்டோம். அது பூட்டு என்றே நமக்குத் தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லவே இல்லை, மக்கா.

அக்கா


15 ஏப்ரல் 2025

நிறுத்திவிட்டேன்.

ரதீஷ்


கப்பலிலிருந்து
6 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பல தடவை எழுதி அழித்தேன். நீ எப்படி இருக்கிறாய்? வலி இருக்கிறதா? அம்மா எப்படித் தாங்கினாள்? இத்தனை கடிதத்திலும் சுகமா, சுகமா என்று கேட்டேன். நீயும் சுகம் என்றே எழுதினாய். நான் நம்பினேன்.

அன்றைக்கு வாசித்தபோது, நீ பயந்தபடியே கை நடுங்கியது. சீஃப் இன்ஜினீயர் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல், கொஞ்ச நாள் பலகைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதை நானே எடுத்து வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பவன் என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நீ அதை வாசித்திருக்கிறாய். அக்கா, என்னை ஒரு அறை அறைந்திருக்கலாமே.

ஐயப்பனின் பதிவைத் திறந்துவிட்டேன். என் பதிலை அழிக்கப் பொத்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. அதன் கீழே, 'இப்படி எழுதியவன் நான். விரலை இழந்தவர் இந்த நிரலை என்னோடு சேர்ந்து எழுதிய என் அக்கா' என்று எழுதினேன். இனி யாரும் பொறுப்பில்லாத ஆள் என்று எழுதுவதற்கு முன்னால் இதை வாசிக்கட்டும்.

அதன் பிறகு வந்த பதில்களைப் பார்த்தாயா? இரணியல் பக்கத்து செல்வதாஸ் என்பவருக்குச் சட்டைக்கை பெல்ட்டில் போயிருக்கிறது, கை தப்பியது. தேவகனி என்ற அம்மாள் பெல்ட்டுக்குப் பசை போட்டுக் கையை எடுத்த அடுத்த நொடி மோட்டார் ஓடியிருக்கிறது. மோட்டார் ரூமில் பேய் இருக்கிறது என்று பயந்து தேங்காய் உடைத்தார்களாம்! பாலக்காட்டிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட முன்னால் சொல்லவில்லை. தங்கள் தப்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள். நானும் அதைத்தானே சொன்னேன், உன் தப்பு என்று.

அமைப்பை மாற்றிவிட்டேன். இனி ஒரு சாவியால் எதுவும் வெளியே போகாது. உன்னுடையதும் வேண்டும், என்னுடையதும் வேண்டும். பம்ப் ரூமில் ஆள் நின்று பார்க்காத எதையும் சேர்க்க முடியாது.

வரும் துறைமுகத்திலிருந்து ஒரு பார்சல் அனுப்புகிறேன்.

அம்மாவிடம் என்னை மன்னிக்கச் சொல். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரதீஷ்


கருங்கல்
4 ஜூன் 2025

அய்யா உண்டு.

அன்புத் தம்பி ரதீஷுக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். வலி குறைந்துவிட்டது, சில நேரம் இல்லாத விரலில் அரிக்கிறது, அதுதான் எரிச்சல். இடது கையில் வேகம் கூடியிருக்கிறது. கடிதத்தின் நீளத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உன்னை மன்னிக்கச் சொன்னதை அம்மாவிடம் வாசித்தேன். "அவன் எழுதினதப் போட்டுத் தொலையேன்னு சொன்னது நானில்லா?" என்று சொல்லி அழுதாள். ஆளாளுக்குப் பழியை இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். முக்கால் பங்கு என்னுடையது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

நம்ப மாட்டாய், தானோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். தேங்காய் உடைத்த தேவகனி அம்மாளே போன் பண்ணி, "இப்ப பேயில்லன்னு தெரிஞ்சு போச்சுல்லா, பொறவு என்ன? அதத் திருப்பிப் போடுங்க பிள்ளே" என்கிறார்கள். மழை வரட்டும் அம்மா, மழையில் பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன்.

உன் பார்சல் வந்தது. சிவப்புப் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஐயப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நம்ம ஆளுவ மாடு கட்டுத சங்கிலிக்கில்லா போடுவானுவ" என்றான். இருந்தாலும் நம் மெயினில் ஓட்டை போட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறான். சாவி என் கழுத்துச் செயினில் கிடக்கிறது.

விரல் போன பிறகு நேற்றுத்தான் முதல் தடவையாகப் பம்ப் ரூமுக்குள் போனேன். அத்தான் வாசலில் நின்றார், உள்ளே வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் எதிர்பார்த்தபடியே கரண்ட் போயிற்று. சொன்னால் சிரிப்பாய், என் கால் இரண்டும் தானாகப் பெல்ட்டுப் பக்கம் போய்விட்டன. இவ்வளவும் நடந்த பிறகும்! பெல்ட்டுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அத்தான், "அஜிதா!" என்று ஒரு சத்தம் போட்டார்.

திரும்பி வந்து மெயினை அணைத்தேன். உன் பூட்டைப் போட்டேன். பெல்ட்டைத் தொடவில்லை, சும்மா அதன் பக்கத்தில் நின்றேன். கரண்ட் வருகிற வரைக்கும் அப்படியே நின்றேன். கூரையில் பல்பு எரிந்தது, அது மெயினில் சேராத தனி லைன். அரை நிமிடம் மனசுக்குள் எண்ணினேன். மோட்டார் ஓடவில்லை. அது பூட்டுப் போட்டதால் இருக்கலாம் என்று, பூட்டைத் திறந்து மெயினைப் போட்டுவிட்டு, மறுபடி வந்து நின்று எண்ணினேன். அப்போதும் ஓடவில்லை. 2.4 அதன் பழைய குறையோடு, நாம் போய் அமுக்கட்டும் என்று, சும்மா கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், ரதீஷ். மார்ச்சிலிருந்து அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதேன்.

பிறகு எழுந்து பச்சைப் பொத்தானை இடது கையால் அமுக்கினேன். வாழைக்குத் தண்ணீர் போயிற்று.

ஆனியில் நீ வரும்போது அம்மா நல்ல மீன் வாங்கி வைத்திருப்பாள். கையைப் பார்த்துக்கொள், மக்கா.

அக்கா
அஜிதா